வில்லுப்பாட்டு கேசட்டும் எம்பி3 கணக்கும்

சுசீந்திரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் முத்தாரம்மன் கோவிலில் கொடைத் திருவிழா வந்தால் என் பெரியப்பாவுக்கு வில்லுப்பாட்டுக் கதை கேட்க நேரம் இருக்காது. மேடைக்கு முன்னால் மோனோ டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, கேசட் எப்போது தீரும் என்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் தீர்ந்ததும் சட்டென்று எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். அந்தப் பத்து நொடியில் புலவர் பாடிய இரண்டு அடி போய்விடும். இப்படிப் பல வருஷக் கொடையில் பிடித்த நாற்பது கேசட்டுகள் அவர் வீட்டு மர அலமாரியில் கிடந்தன.

போன வருஷம் துபாயில் இருக்கும் அவர் மகன் கூப்பிட்டான். "அதையெல்லாம் எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப்புல போட்டு விடு மக்கா." ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் இழுத்தது. அதிலும் முதல் பன்னிரண்டு கேசட்டுகளை இரண்டு தடவை செய்தேன். தப்பு என்னுடையதுதான். இடம் போகிறதே என்று எல்லாவற்றையும் 64 கேபிபிஎஸ், அதாவது ஒரு நொடி ஒலிக்கு 64,000 பிட் மட்டும் தரும் எம்பி3 ஆக்கிவிட்டு, முதலில் பதிந்த பெரிய ஃபைல்களை அழித்துவிட்டேன். அப்புறம் ஹெட்போன் போட்டுக் கேட்டால், வில்லில் கட்டிய மணி மணியாகவே இல்லை. ஈரக் காகிதத்தைக் கசக்குவது போல ஒரு சத்தம். புலவரின் குரல் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது.

குரல் தப்பித்து மணி ஏன் அடிபட்டது? இதற்குப் பதில் தேடினால் ஆடியோ ஃபைலை மாற்றுவது, சுருக்குவது என்ற இரண்டு வேலைகளும் தன்னால் விளங்கிவிடும்.

டேப்பில் ஒலி என்பது காந்தத் துகள்களில் ஏறி இறங்கும் ஒரு தொடர் கோடு. கம்ப்யூட்டருக்குக் கோடு தெரியாது, எண்தான் தெரியும். அதனால் அந்தக் கோட்டின் உயரத்தை நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதிக்கொள்கிறது. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதைப் பிடிக்க அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பதுதான் இந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள கணக்கு. ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட், அதாவது 65,536 படிகள். இடது, வலது என்று இரண்டு சேனல். எல்லாம் பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். சிடியின் கணக்கும் இதுவேதான். 90 நிமிடக் கேசட் ஒன்றை இப்படிப் பதிந்தால் சுமார் 953 எம்பி (மெகாபைட்) வரும். வேவ் ஃபைல் என்பது இந்த எண்களை எந்தச் சுருக்கமும் இல்லாமல் வரிசையாக எழுதி வைத்த மூட்டை.

எங்கள் கேசட்டுகள் மோனோ. ஒரே ஒரு மைக் கேட்டதைத்தான் டேப் வைத்திருக்கிறது. அதை ஸ்டீரியோவாகப் பதிவது ஒரே மீனை இரண்டு தடவை எடை போடுவது மாதிரி. மோனோவாக்கினாலே 953 எம்பி 476 ஆகிவிடும், ஒரு துளி ஒலி போகாது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். ஸ்டீரியோ டெக்கில் மோனோ கேசட்டை ஓட்டும்போது, டெக்கின் ஹெட் டேப்புக்குச் சரியாக நேர்க்குத்தாக இல்லாவிட்டால், இரண்டு சேனலுக்கும் நடுவே மிகச் சிறிய நேர வித்தியாசம் வரும். அந்த இரண்டையும் கலந்து மோனோ ஆக்கினால் கூர்மையான சத்தங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் சாவது மணிதான். அதனால் கலக்காமல், இரண்டில் தெளிவான ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவது நல்லது. ஆடாசிட்டி என்ற மென்பொருளில் டிராக்கின் மெனுவிலேயே ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது.

ஆடாசிட்டி பதிவுக்கும் வெட்டி ஒட்டுவதற்கும் போதுமான இலவச மென்பொருள். 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் தொடங்கியது. அதில் 'கம்ப்ரஸர்' என்று ஒரு எஃபெக்ட் இருக்கிறது. ஃபைல் சுருங்கும் என்று நினைத்து அதை அழுத்திய ஆட்களை எனக்குத் தெரியும், நானும் அழுத்தியிருக்கிறேன். ஃபைல் ஒரு பைட்கூடச் சுருங்காது. அது சுருக்குவது ஒலியின் ஏற்ற இறக்கத்தை, அதாவது மெல்லிய சத்தத்துக்கும் உரத்த சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை. இங்கே வேடிக்கை என்னவென்றால், அந்த வேலையைப் பெரியப்பாவின் டேப் ரெக்கார்டர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. அந்தக் காலத்து மோனோ ரெக்கார்டர்களில் ஒலியளவைத் தானே சரிசெய்யும் சர்க்யூட் ஒன்று இருக்கும். சாமி வந்து ஆடும் கட்டத்தில் வில்லும் உடுக்கையும் குலவையும் ஒன்றாக ஏறும்போது ரெக்கார்டர் பயந்து ஒலியைக் கீழே இழுத்துவிடும். அடங்கினதும் மெல்ல மேலே ஏற்றும். அதனால்தான் அந்த இடங்களில் கூட்டம் திடீரென்று தூரமாகப் போய்விட்டது போலக் கேட்கிறது. அதன் மேல் இன்னொரு கம்ப்ரஸர் வேண்டாம்.

சரி, ஃபைலை உண்மையில் சுருக்குவது எப்படி? இதில் இரண்டு குலம் உண்டு. ஒன்று எதையும் இழக்காதது, மற்றது இழப்பதை ஒப்புக்கொண்டு சுருக்குவது.

இழக்காத வகைக்கு வில்லுப்பாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. புலவர் ஒரு அடியைத் தொடங்கினால் போதும், அது எங்கே போய் முடியும் என்று பின்பாட்டுக்காரருக்குத் தெரியும். முழு அடியையும் யாரும் எழுதித் தர வேண்டாம்; வழக்கத்திலிருந்து எங்கே விலகினார் என்று மட்டும் சொன்னால் போதும். ஃபிளாக் என்ற ஃபார்மட் செய்வதும் இதைத்தான். முந்தின சில அளவுகளை வைத்து அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்று யூகிக்கிறது. யூகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. திரும்ப விரிக்கும்போது அதே யூகத்தைச் செய்து வித்தியாசத்தைக் கூட்டினால் பழைய எண்கள் அத்தனையும் ஒன்றுவிடாமல் வந்துவிடும். சாதாரண ஜிப் மென்பொருளுக்கு ஒலியின் இந்த ஓட்டம் தெரியாது. ஒரே மாதிரி திரும்ப வரும் எழுத்துகளைத்தான் தேடும். அதனால் வேவ் ஃபைலை ஜிப் செய்தால் பெரிய லாபம் கிடைப்பதில்லை.

பழைய கேசட்டில் ஃபிளாக்குக்கும் ஒரு சங்கடம். டேப்பின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை யாராலும் யூகிக்க முடியாது. அதை அப்படியே எழுதித்தான் ஆக வேண்டும். 45 நிமிட மோனோ பக்கம் ஒன்று வேவாக 238 எம்பி. ஃபிளாக்கில் எனக்கு 130 எம்பிக்குப் பக்கத்தில் நின்றது; இரைச்சல் கூடின கேசட்டுகள் அதற்கும் மேலே. ஆனாலும் நாற்பது கேசட்டுக்கும் சேர்த்து 11 ஜிபி சொச்சம்தான். இதற்கு இடமில்லை என்றா முதல் பன்னிரண்டை அழித்தேன் என்று இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஒரு 16 ஜிபி பென்டிரைவில் அடங்கும் சமாச்சாரம்.

இரண்டாம் குலத்தின் தலைவர் எம்பி3. ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் கூட்டாளிகளும் செய்த வேலை இதன் அடித்தளம். 1993இல் சர்வதேசத் தரமாக வெளிவந்தது. எம்பி3 என்ற பின்னொட்டு 1995 ஜூலையில் வைத்தது. இதன் சூட்சுமம் கணக்கில் மட்டும் இல்லை, காதின் பலவீனத்திலும் இருக்கிறது. கொடையில் நையாண்டி மேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. அவர் சொல்லாமல் இல்லை. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். பெரிய சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலும் பின்னாலும்கூட இந்த மறைப்பு நீளும்.

எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குகிறது. ஒரு ஃப்ரேமில் 1152 அளவுகள், நேரத்தில் சுமார் 26 மில்லிநொடி. துண்டுக்குத் துண்டு, எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று பிரித்துப் பார்த்து, எங்கே மறைப்பு இருக்கிறதோ அங்கே எண்களைத் தோராயமாக எழுதுகிறது. தோராயமாக எழுதினால் பிழை வரும், பிழை என்றால் இரைச்சல். அந்த இரைச்சல் பெரிய சத்தத்தின் நிழலுக்குள் ஒளிந்திருந்தால் நமக்குத் தெரியாது. 'கேட்காத சத்தத்தை வெட்டி எறிகிறது' என்று பலரும் சொல்வார்கள், அது பாதி உண்மை. வெட்டுவதைவிட, மறைவான இடம் பார்த்துப் பிழையைப் பதுக்கி வைப்பதுதான் அதன் முக்கிய வேலை.

இப்போது மணிக்கு வருவோம். வீசுகோல் வில்லின் நாணில் விழுந்ததும் மணிகள் 'சலங்' என்று எழும். அதற்கு ஒரு கணம் முன்னால் அமைதி, அடுத்த கணம் உச்சம். எம்பி3 துண்டு ஒன்றின் நடுவில் இந்த அடி விழுந்தால், அந்தத் துண்டுக்குரிய பிழை இரைச்சல் துண்டு முழுக்கப் பரவுகிறது, அடிக்கு முன்னால் இருந்த அமைதியிலும் சேர்த்து. அந்த இடத்தில் அதை மறைக்க எந்தச் சத்தமும் இல்லை. முன் பக்கத்துக்கு மறைப்பு நீளும் என்று சொன்னேனே, அது வெகு குறுகியது. மணிக்கு முன்னால் வரும் மங்கலை அது முழுக்க மூடாது. முன்னெதிரொலி என்று சொல்லலாம். ஜால்ராவும் உடுக்கையும் இதே ஜாதி. இப்படிப்பட்ட இடம் வந்தால் துண்டை இன்னும் சின்னதாக நறுக்கும் வழி எம்பி3இல் உண்டு. ஆனால் அதற்குப் பிட் அதிகம் செலவாகும். 64இல் அந்தப் பிட் எங்கே இருக்கிறது? போதாக்குறைக்கு நான் மோனோ ஒலியை ஸ்டீரியோவாக விட்டிருந்தேன். இருந்த 64ஐ ஒரே குரலுக்கும் ஒரே மணிக்கும் கொடுக்காமல் இரண்டு சேனலுக்குப் பங்கு போட்டிருக்கிறது. பிட்ரேட், அதாவது நொடிக்குக் கொடுக்கும் பிட், குறைவாக இருந்தால் என்கோடர் என்ற சுருக்கும் மென்பொருள் முதலில் கைவிடுவது உயர்ந்த சுருதிகளை. குரலின் உயிர் நடுச்சுருதியில் இருக்கிறது, மணியின் உயிர் மேலே. குரல் பிழைத்ததும் மணி போனதும் இப்படித்தான்.

குரல் எப்போதும் பிழைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். எம்பி3 உருவான காலத்தில் பிராண்டன்பர்க்கைப் படுத்தி எடுத்தது, பக்கவாத்தியமே இல்லாமல் அமெரிக்கப் பாடகி சுசான் வேகா பாடிய ஒரு பாட்டு. பிழையை ஒளிக்க வேறு சத்தமே இல்லாததால், தனிக் குரல் அப்பட்டமாகக் காட்டிக் கொடுத்துவிட்டது. அதையே திரும்பத் திரும்ப வைத்துச் சோதித்துத்தான் முறையைத் தேற்றினார்கள். நம்மூர் வில்லுப்பாட்டில் தொடக்கத்தில் புலவர் காப்பு விருத்தம் இழுக்கும் இடம் அதே மாதிரியான சோதனை. எந்த பிட்ரேட் போதும் என்று பார்க்க நினைத்தால் விருத்தத்தில் ஒரு நிமிடம், மணியும் ஜால்ராவும் கொட்டும் இடத்தில் ஒரு நிமிடம் வெட்டி எடுத்துப் பாருங்கள். கதை வசனத்தை வைத்துச் சோதித்தால் எல்லாமே நன்றாக இருப்பது போலத்தான் தெரியும்.

நான் அப்படி 64, 96, 128, 192 என்று நான்கு மோனோ ஃபைல் செய்து, எது எது என்று சொல்லாமல் வீட்டில் போட்டேன். பெரியப்பாவுக்கு நான்கும் ஒன்றுதான். வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது மேல்சுருதியைத்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. பத்தாவது படிக்கும் என் மகள் 64ஐ உடனே பிடித்துவிட்டாள், 96இல் மணி மட்டும் மங்கல் என்றாள். 128க்கும் 192க்கும் அவளாலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அதனால் எங்கள் கேசட்டுகளுக்கு மோனோ 128 போதும் என்று முடிவு செய்தேன்.

அளவைக் கணக்கிட ஒரு சுருக்கு வழி: கேபிபிஎஸ் எண்ணை நிமிடங்களால் பெருக்கி, அதை 0.0075ஆல் பெருக்கினால் எம்பி வந்துவிடும். 128 கேபிபிஎஸ், 45 நிமிடம் என்றால் 43.2 எம்பி.

இதைச் சொன்னதும் துபாய்க்காரன் கேட்டான், "உன்கிட்ட இருக்க 64ஐயே 320ஆ மாத்திட்டா போச்சே?" முட்டத்திலும் குளச்சலிலும் மீன் வாங்கித் தின்று வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது! சாளைக் கருவாட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டால் பருக்கும், சாளை ஆகாது. 64ஐ 320 ஆக்கினால் ஃபைல் ஐந்து மடங்கு பெருக்கும், போன மணி வராது. சொல்லப் போனால் இன்னும் கொஞ்சம் கெடும். ஏனென்றால் ஏற்கெனவே பிழையோடு இருக்கும் ஒலியை மறுபடி நறுக்கி, மறுபடி தோராயமாக எழுதுகிறோம். ஒரு எம்பி3இலிருந்து இன்னொரு எம்பி3, அதிலிருந்து ஏஏசி என்ற இன்னொரு இழப்பு ஃபார்மட் என்று போகப் போகப் பிழை அடுக்கிக்கொண்டே போகும். ஃபிளாக்கிலோ வேவிலோ ஒரு தாய்ப் பிரதியை வைத்துக்கொண்டு, தேவைப்படும் ஒவ்வொன்றையும் நேராக அதிலிருந்தே எடுக்க வேண்டும்.

ஃபைல் பெயரின் வாலை எம்பி3 என்று மாற்றி எழுதினால் ஃபார்மட் மாறாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெளிப் பெட்டி வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. எம்4ஏ என்ற பெட்டிக்குள் இழப்பு வகையான ஏஏசியும் இருக்கலாம், இழக்காத ஏலாக்கும் இருக்கலாம்.

மாற்றும் வேலைக்கு மென்பொருள் எதுவானாலும் உள்ளே ஓடும் இயந்திரங்கள் சிலதான். 1998இல் தொடங்கிய லேம் என்ற என்கோடர்தான் பெரும்பாலான இலவச மென்பொருள்களில் எம்பி3 செய்கிறது. முன்பு ஆடாசிட்டியில் லேமைத் தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது, காப்புரிமைச் சிக்கல் காரணம். 2017இல் ஃபிரான்ஹோஃபர் எம்பி3 உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டது. இப்போது லேம் ஆடாசிட்டியோடு சேர்ந்தே வருகிறது. ஒன்றிரண்டு ஃபைலுக்கு ஆடாசிட்டியே போதும். எண்பது பக்கத்தை ஒரே மூச்சில் மாற்ற ஃபூபார்2000 வசதி. ஃபோல்டர் முழுவதையும் இழுத்துப் போட்டு, ஃபார்மட் சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போகலாம். வி.எல்.சி. பிளேயரிலும் மாற்றும் வசதி உண்டு, ஆனால் அமைப்புகள் புதைந்து கிடக்கும். கட்டளை எழுதிப் பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக். இணையத்தில் ஃபைலை ஏற்றி மாற்றித் தரும் தளங்களை நான் இதற்குச் சொல்ல மாட்டேன். 238 எம்பி ஃபைலை ஏற்றி இறக்குவதற்குள் அடுத்த கொடை வந்துவிடும்.

சுருக்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டேப் இரைச்சல் ஒழுங்கில்லாதது என்பதால் எம்பி3ஐயும் அது படுத்தும். மணிக்குப் போக வேண்டிய பிட்டை இரைச்சல் தின்னும். கரண்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் முனகலும் சில கேசட்டில் உண்டு. இவற்றைத் தாய்ப் பிரதியில் தொடாமல், இன்னொரு பிரதியில் கொஞ்சமாகக் குறைத்துவிட்டுச் சுருக்கினால் அதே பிட்ரேட்டில் ஒலி தெளிவாக இருக்கும். கொஞ்சமாக என்றுதான் சொல்கிறேன். இரைச்சலை அடியோடு துடைக்கப் பார்த்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும்.

எம்பி3க்கு ஏன் இன்னும் மவுசு? எங்கள் ஊர் மைக் செட் அண்ணாச்சியிடம் ஃபிளாக் ஃபைல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எம்பி3 போட்டுக் கொண்டா தம்பி, வேற எதைக் குத்துனாலும் இந்தப் பெட்டி வாயைத் திறக்காது" என்றார். ஆம்ப்ளிஃபயரில் பென்டிரைவ் குத்தும் அந்தச் சின்னப் பலகைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தமிழில் பெயர் வைத்த ஃபைல் அதில் கேள்விக்குறியாகத் தெரியும். காப்பி செய்த வரிசையில்தான் பாடும் என்பதால், வரிசையாகவே காப்பி செய்ய வேண்டும். கோவில் குழாய் ஸ்பீக்கருக்கு 96 மோனோவே அதிகம். அதன் வாயில் வரும் மணியை எந்த என்கோடராலும் அதற்கு மேல் கெடுக்க முடியாது.

துபாய்க்கு வேறு கணக்கு. 2012இல் தரமாக்கப்பட்ட ஓபஸ் என்ற ஃபார்மட் குறைந்த பிட்ரேட்டில் எம்பி3ஐ வெகு தூரம் பின்தள்ளிவிடும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் ஓடுவதும் அதுதான். 32 கேபிபிஎஸ் மோனோ ஓபஸில் 45 நிமிடப் பக்கம் 10.8 எம்பி. மணி கொஞ்சம் மங்கினாலும் கதை கேட்க ஒரு குறையும் இல்லை. உண்மையான தரத்தோடு வேண்டும் என்று அவன் கேட்ட இரண்டு கதைகளை மட்டும் ஃபிளாக்காக, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினேன். அப்படி அனுப்பினால் ஃபைலை அது தொடுவதில்லை.

முதல் பன்னிரண்டு கேசட்டுகளை மறுபடி எடுத்தேன் என்றேன். எங்கள் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மர அலமாரியில் கேசட் பூசணம் பிடிக்க வேறென்ன வேண்டும்? பதினொன்று சமாளித்து ஓடின. ஒன்று இரண்டாம் தடவை ஓட்டும்போது ஒட்டிக்கொண்டு அறுந்தது. ஒரு பக்கத்தை ஒட்டுப் போட்டுக் காப்பாற்றினேன். மறு பக்கம், வாழி பாடும் இடம், கசங்கிப் போய்விட்டது. அதற்கு இருப்பது அந்த முதல் 64 எம்பி3 மட்டும்தான், 21.6 எம்பி. எழுபத்தொன்பது ஃபிளாக் ஃபைல்களுக்கு நடுவில் அது எம்பி3யாகவே கிடக்கிறது. அதையும் ஃபிளாக்காக மாற்றி வரிசையைச் சீராக்கலாமே என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். மாற்றினால் நாளைக்கு யாராவது திறந்து பார்த்துவிட்டு, அந்தக் கொடையில் மணியே அப்படித்தான் அடித்தது என்று நம்பிவிடுவார்கள்.